கதவு மூடுகிறது: குழந்தைகளுக்கான இயர்மஃப், பதினொரு மாதத்துக்குப் பிறகு

பெட்டியைப் பிரித்த அன்றைக்கே "சூப்பர், குழந்தைக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை நம்பி நான் வாங்கின நான்கு பொருள்கள் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் கிடக்கின்றன. கனமான போர்வை ஒன்று, அழுத்தினால் வெளிச்சம் வருகிற பந்து ஒன்று, மீதி இரண்டைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இதைப் பதினொரு மாதம் கழித்து எழுதுகிறேன்.

பொருள் சின்னப் பிள்ளைகள் போடுகிற இயர்மஃப். பாட்டுக் கேட்கிற ஹெட்போன் இல்லை. இதில் ஒயரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. டிரில் போடுகிறவர்கள் தலையில் மாட்டியிருப்பார்களே, அதன் குட்டி வடிவம். இரண்டு பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளே ஸ்பாஞ்ச், விளிம்பில் மெத்தை, இரண்டையும் சேர்த்து ஒரு பட்டை. போட்டுக்கொள்கிறவன் என் மகன். ஐந்தரை வயது, மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன் என்பது ஒரு காரணம். இந்த வகையில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும், எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் முக்கியம் என்பது இன்னொரு காரணம்.

இரண்டேகால் வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். எல்லோருக்கும் முதலில் வந்த சந்தேகம் காது கேட்கவில்லையோ என்பதுதான். தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி சத்தத்துக்கு மூளை எதிர்வினை காட்டுகிறதா என்று பார்க்கிற பெரா டெஸ்ட் எடுத்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அப்பா கூப்பிட்டால் திரும்பாதவனுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற மிக்ஸி வலிக்கிறது. இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. புரிவதற்கு முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், "ஒண்ணுமில்லடா, மிக்ஸிதானே" என்று சொல்லிக்கொண்டே காதிலிருந்து அவன் கையைப் பிடித்து எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்கப் பழகிவிடும் என்று நினைப்பு. ஒரு வருஷத்துக்கு மேல் இதைச் செய்திருக்கிறேன்.

பிறகுதான் படித்தேன். 1943இல் லியோ கேனர் என்கிற குழந்தைகள் மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் முதன்முதலாக ஒரு தனி நிலையாக விவரிக்கப்பட்டது. அந்தக் கட்டுரையிலேயே இது இருக்கிறது: வாக்குவம் கிளீனர், லிஃப்ட், முட்டை அடிக்கிற கருவி, ஓடுகிற தண்ணீர், சில நேரம் காற்றுகூட அந்தப் பிள்ளைகளைக் கதிகலங்க வைத்ததாக எழுதியிருக்கிறார். ஆனால் மருத்துவர்கள் கண்டறிவதற்கு வைத்துக்கொள்ளும் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தபோதுதான், ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது அதிகாரப்பூர்வமான அறிகுறிப் பட்டியலில் ஏறியது. நடுவில் 70 வருஷம். நான் ஒரு வருஷம் கையை எடுத்துவிட்டதற்கு இதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாமா என்றால், கூடாது, ஏனென்றால் அவன் அழுதது எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

சரி, வாங்கின கதைக்கு வருகிறேன். வாங்க வைத்தது கை உலர்த்துகிற மெஷின். பொதுக் கழிப்பறைகளில் சுவரில் இருக்குமே, கையை நீட்டினதும் உறுமுகிற அதுதான். அம்மாவோடு பெண்கள் பக்கம் போகிற வயது தாண்டிக்கொண்டிருந்தது, அதனால் வெளியில் போனால் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது என் வேலை. அந்த மெஷின் யார் கைக்கு எப்போது உறுமும் என்று அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு நாள் நாங்கள் உள்ளே இருக்கும்போது மூன்று பேர் வரிசையாகக் கை காய வைத்தார்கள். அவன் ஈரத் தரையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் மோதிக்கொள்ள ஆரம்பித்தான். என் உள்ளங்கையைச் சுவருக்கும் அவன் தலைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது ஆள் எங்களைப் பார்த்துவிட்டு, பாவம், அவசரமாகக் கையை எடுத்தார்; எடுத்துவிட்டு ஈரம் போகவில்லை என்று மறுபடியும் நீட்டினார். இரண்டாவது தடவை உறுமினதுதான் அவனுக்கு மோசமாக இருந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் வெளியில் எங்கே போனாலும் சிறுநீரை அடக்கிக்கொண்டு வீடு திரும்புவான்.

இந்த மெஷினைப் பற்றி ஒரு பெண் குழந்தை எழுதின ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. கனடாவைச் சேர்ந்த நோரா கீகன், கட்டுரை 2019இல் ஒரு குழந்தைகள் மருத்துவ இதழில் வெளியானபோது அவளுக்கு 13 வயது. பொதுக் கழிப்பறைகளில் இருக்கிற 44 மெஷின்களின் சத்தத்தை, பெரியவர்கள் காது இருக்கிற உயரத்தில் மட்டுமில்லாமல் குழந்தைகள் காது இருக்கிற உயரத்திலும் அளந்திருக்கிறாள். சில மெஷின்கள் 100 டெசிபெல்லைத் தாண்டின. கனடாவில் 100 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் போடுகிற பொம்மையை விற்கவே கூடாது. காது வலிக்கிறது என்று சொல்கிற குழந்தைகள் சரியாகத்தான் சொல்கிறார்கள் என்பதுதான் அவள் முடிவு. அதைப் படித்த பிறகு ஒரு தடவை கழிப்பறையில் மண்டி போட்டு என் தலையை அவன் உயரத்துக்குக் கொண்டுபோய் வைத்து மெஷினை ஓட விட்டுப் பார்த்தேன். காற்று வருகிற வாய் நேராக என் காதுக்கு வந்தது. பக்கத்தில் நின்றவர் என்னை எப்படிப் பார்த்தார் என்பதை எழுத வேண்டாம்.

வாங்கும்போது பெட்டியில் பார்க்க வேண்டியது எண். ஐரோப்பியத் தரத்தில் செய்ததாக இருந்தால் இ.என். 352 என்று ஒரு எண்ணும், எஸ்.என்.ஆர். என்று போட்டு, எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்கிற டெசிபெல் அளவும் இருக்கும். அமெரிக்காவுக்குச் செய்ததில் என்.ஆர்.ஆர். என்று இருக்கும். இரண்டும் இல்லாமல் "சத்தம் குறைக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது குளிருக்குப் போடுகிற சமாச்சாரம், வேண்டாம். எங்களுடையது எஸ்.என்.ஆர். 25. பத்து டெசிபெல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானது போலத் தோன்றும், இருபது குறைந்தால் கால்வாசி. ஆனால் அந்த 25 ஆய்வகத்தில், ஆடாமல் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் தலையில் சரியாகப் பொருத்தி அளந்தது. குதித்துக்கொண்டே இருக்கிற ஐந்து வயதுத் தலையில் அவ்வளவு கிடைக்காது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையே தொழிலாளர்களுக்கு என்.ஆர்.ஆர். எண்ணில் ஏழைக் கழித்து மீதியைப் பாதியாக்கித்தான் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 25 என்று போட்டிருந்தால் கையில் நிற்பது ஒன்பது. மெத்தைக்கு அடியில் முடிக்கற்றை மாட்டிக்கொண்டால், கண்ணாடிக் காம்பு இருந்தால், இன்னும் குறையும்.

அப்புறம், அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஹெச், எம், எல் என்று மூன்று எண் இருக்கும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் தேடித் தெரிந்துகொண்டேன். கீச்சென்ற சத்தம், நடுத்தரச் சத்தம், அடித்தொண்டைச் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே அளவில் இது தடுக்காது. எங்கள் பெட்டியில் கீச்சுக்கு 28, அடித்தொண்டைக்கு 14. பாதிதான். விசில், குழந்தை வீறிடுவது, நாற்காலியை இழுக்கிற சத்தம், மிக்ஸியின் கிறீச் இவையெல்லாம் நன்றாகவே மட்டுப்படும். லாரி எஞ்சின், பெரிய ஸ்பீக்கரிலிருந்து வருகிற தம் தம், இடி, இவையெல்லாம் உள்ளே வந்துவிடும். "போட்டும் அழுகிறானே, பொருள் சரியில்லை" என்று எழுதுகிற மதிப்புரைகளில் பாதி இதனால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படியெல்லாம் படித்து வாங்கி வந்து ஆசையாகத் தலையில் மாட்டினால், பிடுங்கி எறிந்தான். எறியாமல் என்ன செய்வான். சத்தத்துக்குக் கூசுகிற அதே பிள்ளைக்குச் சட்டைக் காலரில் இருக்கிற லேபிளும் கூசும். அவன் தலையை இரண்டு பக்கமும் நெருக்குகிற ஒன்றை மாட்டிவிட்டு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அன்றாடக் காரியங்களுக்கு அவனைப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் சொன்னபோது அவர் சிரிக்காமல், "ஒரு வாரம் அதைச் சும்மா தரையில போட்டு வைங்க சார், நீங்க தொடாதீங்க" என்றார். போட்டு வைத்தேன். முதல் நான்கு நாள் கிண்ணத்தை மடக்குகிற கீலைத்தான் கண்டுபிடித்து வைத்திருந்தான். டக் என்று மடக்குவான், டக் என்று விரிப்பான், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்தக் கம்பி உள்ளே போவதைப் பார்ப்பான், மறுபடி டக். ஒரு சாயங்காலம் முழுக்க இதுவே நடந்தது. ராத்திரி நேரம் பட்டையை விரித்து நான்கு தடிப் புத்தகத்துக்குக் குறுக்கே மாட்டி வைத்துவிடுவேன், இறுக்கம் கொஞ்சம் தளரட்டும் என்று. ரொம்பத் தளர்த்தினால் ஓரத்தில் இடைவெளி விழுந்து சத்தம் உள்ளே வரும், அதனால் அளவோடு. ஒன்பதாவது நாள் வாஷிங் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் தானாக எடுத்துத் தலைகீழாகப் போட்டுக்கொண்டான், பட்டை தாடைக்குக் கீழே. நான் சமையலறை வாசலில் மூச்சுவிடாமல் நின்றேன். திருத்தப் போகவில்லை. இரண்டு நாளில் அவனே நேராக்கிக்கொண்டான்.

வாஷிங் மெஷின் என்றதும் சிலர் கேட்பீர்கள், அதுவும் சத்தம்தானே என்று. எனக்கும் அதே கேள்வி இருந்தது. துணி பிழிகிறபோது வீடே அதிரும், அவன் கன்னத்தை அதன் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நிற்பான். மிக்ஸியைக்கூட சுவிட்சை அவன் கையால் போடச் சொன்னால் முகத்தைச் சுளிப்பானே தவிர அழ மாட்டான். ஆக சத்தத்தின் அளவு மட்டும் பிரச்சினை இல்லை, அது எப்போது வரும், எப்போது நிற்கும், யார் கையில் இருக்கிறது என்பதும்தான். இதனால் இந்தப் பொருளைப் பயன்படுத்துகிற முறையே மாறிவிட்டது. சத்தம் வந்த பிறகு ஓடிப்போய் மாட்டினால் பலன் குறைவு. அதற்குள் அவன் உடம்பு முழுக்க எச்சரிக்கை மணி அடித்து முடிந்திருக்கும். கழிப்பறைக் கதவுக்கு வெளியிலேயே நின்று, "உள்ள மெஷின் இருக்கு, சத்தம் போடும், போட்டுக்கலாமா" என்று கேட்டு, அவன் போட்டுக்கொண்ட பிறகு உள்ளே போகிறோம். தானாகத் தண்ணீர் விடுகிற கழிப்பறையாக இருந்தால் அதன் சிவப்புக் கண் மேல் ஒட்டுகிற சின்னத் தாள் ஒன்றை ஒட்டிவிடுகிறேன், வெளியே வந்ததும் எடுத்துவிடுகிறேன். சட்டைப் பையில் அந்தத் தாள் கட்டு எப்போதும் இருக்கும். அடக்கிக்கொண்டு வீடு திரும்புவது இரண்டாவது மாதத்திலேயே நின்றுவிட்டது. இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்.

எதற்கெல்லாம் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடிவெட்டுவதற்கு உதவவே உதவாது. பட்டை தலைக்கு மேலே இருந்தால் எப்படி வெட்டுவது? பட்டையைக் கழுத்துக்குப் பின்னால் தள்ளிப் பார்த்தோம், கிண்ணம் வழுக்கி விழுந்தது. தவிர மெஷினின் அதிர்வு மண்டை எலும்பு வழியாகவே உள்காதுக்குப் போய்விடும், அதற்குக் காதை மூடி என்ன பிரயோசனம். கத்தரிக்கோல் மட்டும் வைத்து, அவன் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது நானே வெட்டுகிறேன். படிக்கட்டு மாதிரி இருக்கும், இருக்கட்டும். படுத்துக்கொண்டு போட முடியாது, ஒருக்களித்தால் கிண்ணம் நெருக்கும். கார் சீட்டில் தலைசாய்க்கிற இடத்தின் ஓரம் தட்டி ஒரு பக்கம் விலகும். வெயிலில் அரை மணிக்கு மேல் போட்டால் காதைச் சுற்றி வியர்த்து, மெத்தை பிசுபிசுக்கும். ஈரத் துணியில் கொஞ்சம் சோப்பு தொட்டுத் துடைத்தால் போதும், சானிடைசர் போட்டால் மெத்தைத் தோல் விறைத்துப்போகிறது, நான் போட்டுப் பார்த்துக் கெடுத்துக்கொண்டேன். சாலையில் போட்டிருந்தால் மணிக்கட்டை விடவே கூடாது, ஹார்ன் பாதிதான் கேட்கும். போடாவிட்டாலும் ஓடுகிற பிள்ளைதான், அது வேறு.

சத்தத்தைத் தானே அறிந்து ரத்து செய்கிற விலை உயர்ந்த ஹெட்போன் இன்னும் நல்லதில்லையா என்று கேட்கிறவர்களுக்கு: நண்பர் ஒருவருடையதை ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தோம். எஞ்சின் மாதிரி ஒரே சீராக ஓடுகிற அடிச் சத்தத்தை அது அபாரமாக விழுங்குகிறது, இயர்மஃப் கோட்டை விடுகிற இடம் அதுதான். ஆனால் திடீரென்று வருகிற சத்தத்துக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது, அவன் பயமே திடீர் சத்தம்தான். மூன்றாவது நாள் சார்ஜ் இறங்கி, அவன் காதுக்குள்ளேயே ஒரு பெண் குரல் பேட்டரி குறைவு என்று அறிவித்தது. கதை முடிந்தது. காதுக்குள் செருகுகிற பஞ்சு வகை இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம், வாய்க்குள் போகும், தொண்டையில் சிக்கும்.

என் அம்மாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "காதைப் பொத்தியே வெச்சிருந்தா எப்படிடா பழகுவான்? நாளைக்கு ஊர் முழுக்கவா வாயைப் பொத்திக்கிட்டு இருக்கும்?" என்பார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொல்வதில் பாதி சரி. 2003இல் வந்த ஓர் ஆய்வில் சாதாரணமாகக் காது கேட்கிற பெரியவர்களை இரண்டு வாரம் காதடைப்பான் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்களுக்கு முன்பைவிடக் குறைந்த சத்தமே அதிகமாகத் தோன்றியது. உள்ளே வருவது குறைந்தால் மூளை தன் வால்யூமை ஏற்றி வைத்துக்கொள்கிறது போலிருக்கிறது. தெரபிஸ்டும் இதையேதான் சொன்னார், நாள் முழுக்க வேண்டாம், சத்தம் இருக்கிற இடத்தில் போடட்டும், முடிந்ததும் கழற்றட்டும் என்று. வீட்டில் அமைதியாக இருக்கும்போது அது ஆணியில் தொங்க வேண்டும் என்பது எங்கள் விதி. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார்.

இனி தலைப்புக்கு வருகிறேன். அவன் பேசுவான், ஆனால் பெரும்பாலும் வேறு எங்கேயோ கேட்டதைத்தான் பேசுவான். விளம்பரத்தில் வருகிற வரி, என் போன் பேச்சில் ஒரு துண்டு, ஒரு கட்டடத்தின் லிஃப்டில் கேட்கிற பதிவுக் குரல். கிளிப்பிள்ளை மாதிரி என்று மற்றவர்கள் சொல்வதை ஒரு காலத்தில் நானும் நம்பினேன். இப்படித் திருப்பிச் சொல்வதில் பெரும்பகுதிக்கு அர்த்தம் இருக்கிறது, கேட்பது, மறுப்பது, தன்னைத் தானே தேற்றிக்கொள்வது என்று அதற்கு வேலை இருக்கிறது என்று பேரி பிரிசான்ட் போன்ற பேச்சு மொழி நிபுணர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். வாங்கி மூன்று மாதம் இருக்கும். எதிர்வீட்டில் சுவரில் ஓட்டை போட ஆரம்பித்தார்கள். காதில் கையை வைத்துக்கொண்டே என்னிடம் வந்து, லிஃப்ட் குரல் போலவே, அதே ஏற்ற இறக்கத்தோடு, "கதவு மூடுகிறது" என்றான். நான் வாசல் கதவைச் சாத்தினேன். மறுபடி, "கதவு மூடுகிறது." ஜன்னலைச் சாத்தினேன். மூன்றாவது தடவை என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆணிக்குக் கீழே நிறுத்தினான்.

இயர்மஃபுக்கு எங்கள் வீட்டில் இப்போது அதுதான் பெயர். அவன் அப்பாவிடம் வார்த்தையால் கேட்டு வாங்கின முதல் பொருள் இது. தண்ணீரைக்கூட அதுவரை கையைப் பிடித்து இழுத்துத்தான் கேட்பான். மறுநாளே ஆணியைப் பிடுங்கி அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் அடித்தேன். அதுவரை என் உயரத்தில் அடித்திருந்தேன் என்பதே அப்போதுதான் உறைத்தது.

வெளியில் ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் இந்தப் பொருளோடு சேர்ந்து வருகிற ஒன்று. முன்னால் "பிள்ளையை அடக்கத் தெரியலை" என்று பார்த்தவர்கள், இப்போது "இந்த வயசுலயே பாட்டா, கண்டிக்க மாட்டீங்களா" என்று பார்க்கிறார்கள். ஒருவர் கிட்டவே வந்து என்ன பாட்டு கேட்கிறாய் தம்பி என்று அவனிடம் கேட்டார். அவன் அவரைத் தாண்டி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் "பாட்டு இல்லைங்க, அமைதி கேட்கிறான்" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் ஒரு நல்லதும் இருக்கிறது: இதைத் தலையில் பார்த்ததும் சிலர் தானாகவே குரலைத் தாழ்த்துகிறார்கள், அவன் வரிசையில் நிற்க முடியாமல் குதிக்கும்போது முன்னால் போகச் சொல்கிறார்கள். நான் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆட்டிசம் பார்த்தால் தெரியாது, நீலக் கிண்ணம் பார்த்தால் தெரிகிறது.

இப்போது திட்டுகிற பகுதி. ஏழாவது மாதம் இடது பக்க மெத்தை கிழிந்தது. கிழிந்தது என்றால் கடித்துவிட்டான், அது கம்பெனியின் தப்பு இல்லை. ஆனால் பெரியவர்கள் மாடலுக்கு மெத்தை தனியாக விற்கிறார்கள், சின்னவர்கள் மாடலுக்கு விற்பதில்லை. கடித்து, வியர்த்து, தரையில் எறிந்து பயன்படுத்துகிறவர்களே குழந்தைகள்தான், அவர்களுக்குத்தான் மாற்று மெத்தை கிடையாதாம். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து, புதிதாக ஒன்று வாங்குங்கள், பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது. சரி என்று வேறு வழியில்லாமல் வாங்கினேன். பழைய நீலம் தீர்ந்துபோய் வேறு நீலம்தான் இருந்தது, கொஞ்சம் வெளிர். நமக்கு என்ன வித்தியாசம்? அவனுக்கு அது வேறு பொருள். மூன்று வாரம் தொடவில்லை. கடைசியில் பழைய கிண்ணத்தில் புதிய மெத்தையைக் கழற்றி மாட்டிக் கொடுத்தேன், இரண்டு நகம் உடைந்தது. ஆகவே வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், ஒரே நிறத்தில், ஒரே நாளில், இரண்டாக வாங்கிவிடுங்கள். முதல் வாரம் போட்டுக்கொள்வானா என்று தெரியாமல் இரண்டு எப்படி வாங்குவது என்றால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும், எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். போன மாதம் ஒரு ராத்திரி, வேலையிலிருந்து களைத்து வந்தேன். குளியலறையில் ஒரு பாட்டில் ஷாம்பு முழுவதையும் தரையில் ஊற்றி, அது வழிந்து வடிகுழிக்குள் போவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாளும் இதேதான் செய்திருந்தான். நான் கத்தினேன். கொஞ்சநஞ்சமில்லை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன், நான் கத்துவதை நானே கேட்டு இன்னும் கத்தினேன். அவன் எழுந்து என் காலுக்குப் பக்கமாக நுழைந்து ஓடினான். ஓடிவிட்டான், விடு, என்று நான் தரையைக் கழுவ வாளியை எடுத்தேன். அரை நிமிடத்தில் திரும்பி வந்தான். தலையில் இயர்மஃப். ஷாம்பு வழுக்காத இடமாகப் பார்த்து வாசலில் என் எதிரில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்துக்கொண்டு, அந்த லிஃப்ட் குரலில், "கதவு மூடுகிறது" என்றான்.

மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. "அவன் கேட்டுட்டான்ல, மூடு" என்றாள்.

ஷாம்பு பாட்டில் இப்போது மேல்தட்டில் இருக்கிறது. அவனுக்கென்று காலி பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து வைத்திருக்கிறோம், சாயங்காலம் அதை ஊற்றிப் பார்த்துக்கொள்கிறான்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். பட்டை அகலமாக, மடக்குகிற கீல் உள்ளதாகப் பாருங்கள், கீல் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அந்த முதல் நான்கு நாள் நடந்திருக்காது. ஹெச், எம், எல் மூன்று எண்ணும் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். நாலு நட்சத்திரம் தருகிறேன். மெத்தையைத் தனியாக விற்கட்டும், ஐந்தாவதையும் தருகிறேன்.